நூறும் நூறும் சேர்ந்தால்

நிரலாக்க வகுப்பில் மாணவர்களுக்கு எளிய பணி ஒன்று கொடுக்கப்படுகிறது. ஜாவா மொழியில் 'பைட்' வகையைச் சேர்ந்த இரண்டு மாறிகளை உருவாக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 100 என்ற எண்ணை இட வேண்டும். பிறகு, முதல் மாறியோடு இரண்டாவதைக் கூட்டி, விடையை முதல் மாறியிலேயே வைத்துத் திரையில் காட்ட வேண்டும். தொடக்கப்பள்ளி மாணவரும் மனக்கணக்காகச் சொல்லிவிடக்கூடிய விடைதான். ஆனால், திரையில் தோன்றுவது 200 அன்று, -56.

பலரும் முதலில் செய்வது, நிரலை மீண்டும் தட்டச்சு செய்வதுதான். அடுத்து, பக்கத்து மாணவரின் திரையை எட்டிப் பார்ப்பார்கள். அங்கும் அதே -56. "ஆசிரியரே, கணினி பழுதாகிவிட்டதா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். கணினி பழுதாகவில்லை. அது ஒவ்வொரு படியையும் விதி தவறாமல்தான் செய்திருக்கிறது. அப்படியானால், நூறும் நூறும் சேர்ந்து எப்படிக் கழித்தல் குறியோடு ஒரு விடையைத் தந்தன? கணினி எண்களை எழுதி வைக்கும் முறையில்தான் இதற்கு விடை இருக்கிறது.

மனிதர்கள் பயன்படுத்தும் பதின்ம முறையில் பத்து இலக்கங்கள் உள்ளன. வலப்பக்கத்திலிருந்து ஒன்று, பத்து, நூறு என இடமதிப்பு பத்து மடங்காக உயர்கிறது. கணினியின் இரும முறையில் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களே உள்ளன. அங்கு இடமதிப்பு 1, 2, 4, 8, 16 என இரு மடங்காக உயர்கிறது. எனவே, 1101 என்ற இரும எண்ணின் மதிப்பு 8 + 4 + 0 + 1, அதாவது 13. இந்த முறையை ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1703ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் விளக்கினார். அதைப் பயன்படுத்தும் மின்னணுப் பொறிகள் வருவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாயின. ஒரு மின்சுற்றில் பத்து வெவ்வேறு மின்னழுத்தங்களைப் பிழையின்றிப் பிரித்தறிவது கடினம். உயர்ந்தது, தாழ்ந்தது என்ற இரண்டை மட்டும் பிரித்தறிவது எளிது. இரும முறை கணினிக்கு ஏற்றதாக அமைந்ததற்கு இதுவே காரணம். 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம் ஒரு 'பிட்' எனப்படும். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்.

இரண்டே அடிப்படைகளைக் கொண்டு பலவற்றை அமைப்பது தமிழ் கற்கும் மாணவர்களுக்குப் புதிதன்று. யாப்பிலக்கணத்தில் அசைகள் நேர், நிரை என இரண்டு மட்டுமே. ஈரசை சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு சீர்கள் கிடைக்கின்றன. மூவசை சேர்ந்தால் எட்டு. நாலசை சேர்ந்தால் பதினாறு. ஓர் அசை கூடும்போதெல்லாம் சீர்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. நேரசையை 0 என்றும் நிரையசையை 1 என்றும் எழுதிப் பார்த்தால், தேமா 00, கூவிளம் 01, புளிமா 10, கருவிளம் 11 என்று அமையும். கணினி மாணவர் இதை 0 முதல் 3 வரையிலான எண்கள் என்பார். தமிழ் மாணவர் ஈரசைச் சீர் என்பார். கணக்கு ஒன்றுதான். அதே கணக்குப்படி எட்டு பிட்டுகளைக் கொண்டு 256 வெவ்வேறு வடிவங்களை அமைக்கலாம். அதற்கு மேல் ஒன்றுகூட முடியாது. இந்த வரம்பு பிறகு முக்கியமாகும்.

இரும எண்களைக் கூட்டும் விதிகள் நான்கே வரிகளில் அடங்கிவிடும். 0 + 0 = 0. 0 + 1 = 1. 1 + 0 = 1. 1 + 1 = 10. கடைசி வரியில் 0 அதே இடத்தில் எழுதப்படும்; 1 அடுத்த இடத்திற்கு எடுத்துச் செல்லப்படும். பதின்ம முறையில் 7 + 5 என்று கூட்டும்போது 2 எழுதி 1 எடுத்துச் செல்வதைப் போன்றதே இது. 45, 27 ஆகிய எண்களைக் கூட்டிப் பார்க்கலாம்.

00101101 (45)
00011011 (27)
01001000 (72)

வலக்கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இடமாகக் கூட்டி வந்தால் இந்த விடை கிடைக்கும். தாளில் ஒருமுறை செய்து பார்த்த மாணவருக்கு இரும எண்களைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் போய்விடும்.

எதிர்ம எண்களை எழுதுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கணினியிடம் இருப்பவை 0, 1 மட்டுமே. கழித்தல் குறிக்கு அங்கே இடமில்லை. பழைய மோட்டார் சைக்கிள்களின் மீட்டரில் எண்கள் சுழலும் சிறு சக்கரங்களில் எழுதப்பட்டிருக்கும். அதில் 00000 என்று இருக்கும்போது ஒரு படி பின்னோக்கிச் சுற்றினால் 99999 வரும். பூச்சியத்திற்கு ஒரு படி பின்னால் இருப்பது -1. ஆகவே, அந்த மீட்டரில் 99999 என்பதையே -1 எனக் கொள்ளலாம். 99998 என்பது -2. கணினியும் இதையே செய்கிறது. 00000000 என்பதற்கு ஒரு படி பின்னால் இருக்கும் 11111111 அதற்கு -1 ஆகும்.

ஓர் எண்ணின் எதிர்ம வடிவத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. எல்லா பிட்டுகளையும் தலைகீழாக மாற்றி, பிறகு 1ஐக் கூட்ட வேண்டும். 5 என்பது 00000101. தலைகீழாக மாற்றினால் 11111010. ஒன்றைக் கூட்டினால் 11111011. இதுவே -5. இதனை இரண்டின் நிரப்பு முறை என்பர். 5ஐயும் -5ஐயும் இந்த வடிவத்தில் கூட்டினால் எட்டு பூச்சியங்களும், ஒன்பதாவது இடத்தில் ஒரு 1உம் வரும். ஒன்பதாவது பிட்டுக்கு இடமில்லாததால் அந்த 1 விழுந்துவிடும். எஞ்சுவது பூச்சியம். இந்த முறையால், கழித்தலுக்கென்று தனிச் சுற்று அமைக்கத் தேவையில்லை. கூட்டும் சுற்றே இரண்டு வேலைகளையும் செய்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இருக்கும் 256 வடிவங்களில் பாதி எதிர்ம எண்களுக்குப் போய்விடுகின்றன. முதல் பிட் 1 ஆக இருந்தால் அது எதிர்ம எண். அதனால், 'பைட்' வகை மாறியில் -128 முதல் 127 வரையிலான எண்களை மட்டுமே வைக்க முடியும். (-128க்கு நேர்ம இணை இல்லை என்பதைக் கூர்ந்து கவனிக்கும் மாணவர் கண்டுகொள்வார்.) இப்போது வகுப்பறைக் கணக்கிற்குத் திரும்பலாம். 100 என்பது 01100100. இதை அதனோடே கூட்டினால் 11001000 வருகிறது. பிட்டுகளைப் பொறுத்தவரை இது சரியான 200. ஆனால், முதல் பிட் 1 ஆகிவிட்டதால் கணினி இதை எதிர்ம எண்ணாகப் படிக்கிறது. தலைகீழாக மாற்றினால் 00110111, அதாவது 55. ஒன்றைக் கூட்டினால் 56. ஆகவே, -56. பெட்டி சிறியது, எண் பெரியது. இதனை நிரம்பி வழிதல் என்பர்.

வகுப்பறையில் இது ஒரு வேடிக்கை. வெளியில் எப்போதும் அப்படி இருப்பதில்லை. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஆரியான் 5 என்னும் புதிய ஐரோப்பிய ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. புவியின் காந்தமண்டலத்தை ஆராய்வதற்கான நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களை அது சுமந்து சென்றது. சுமார் நாற்பது விநாடிகளில் ராக்கெட் பாதையிலிருந்து திரும்பி, உடைந்து, வெடித்துச் சிதறியது. அதில் மனிதர் எவரும் பயணம் செய்யவில்லை.

விசாரணைக் குழு கண்டறிந்த காரணம், அந்த -56ஐப் பார்த்த மாணவருக்கு எளிதில் புரியும். ராக்கெட்டின் திசையைக் கணிக்கும் கணினி, கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. 16 பிட்டில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. வந்த மதிப்போ அதைவிடப் பெரியது. கணினி பிழையை அறிவித்துச் செயலிழந்தது. மாற்று ஏற்பாடாக இருந்த இன்னொரு கணினியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் அதே வகையில் முடங்கியது. பிழைச் செய்தியைக் குறிக்கும் பிட்டுகளை உண்மையான பறக்கும் தரவு என்று கருதிய முதன்மைக் கணினி, வலிமையான இயந்திரக் குழாய்களைத் தவறான திசையில் திருப்பிவிட்டது.

அந்த நிரலை எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர். அது ஆரியான் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டுப் பல முறை வெற்றியாக இயங்கிய நிரல். ஆபத்தானவை என ஏழு மாறிகளை அவர்கள் அடையாளம் கண்டிருந்தார்கள். கணினிக்கு வேலைப்பளு கூடிவிடக் கூடாது என்பதற்காக நான்கிற்கு மட்டும் பாதுகாப்பு எழுதி, மூன்றை விட்டுவிட்டார்கள். ஆரியான் 4இன் வேகத்திற்கு அந்த எண் வரம்பைத் தாண்ட வாய்ப்பில்லை. ஆரியான் 5 இன்னும் விரைவாகக் கிடைத்திசையில் செல்லும் ராக்கெட். கணக்கு மாறிவிட்டது, பெட்டியின் அளவு மாறவில்லை. அந்தக் கணக்கீடே ராக்கெட் தரையை விட்டு எழுந்த பிறகு தேவைப்படாத ஒன்று என்பதுதான் வேதனை.

இரும எண்களைக் கூட்டுவதோடு பாடம் முடிவதில்லை. பிட்டுகளைத் தனித்தனியாகக் கையாளும் செயல்களும் உள்ளன. இவற்றை பிட் நிலைச் செயல்கள் என்பர். இங்கே பல மாணவர்கள் தடுமாறுவது கணக்கில் அன்று, சொற்களில். பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி செய்ய விரும்பும் இரு தோழியரைக் கற்பனை செய்துகொள்ளலாம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள்களுக்கு ஐந்து பிட்டுகள். மாலையில் ஓய்வாக இருக்கும் நாளுக்கு 1, மற்ற நாளுக்கு 0. முதலாமவர் திங்கள், புதன், வியாழன் ஆகிய நாள்களில் ஓய்வாக இருக்கிறார்: 10110. இரண்டாமவர் புதன், வியாழன், வெள்ளி: 00111.

'ஆண்ட்' என்னும் செயல், இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 தரும். விடை 00110. அதாவது, இருவரும் சேர்ந்து பயிற்சி செய்யக்கூடிய நாள்கள் புதனும் வியாழனும். 'ஓர்' என்னும் செயல், ஏதாவது ஒன்றில் 1 இருந்தாலே 1 தரும். விடை 10111. யாராவது ஒருவர் ஓய்வாக இருக்கும் நாள்கள் அவை. 'எக்ஸ்ஓர்' என்னும் செயல், இரண்டும் வேறுபடும் இடத்தில் மட்டும் 1 தரும். விடை 10001. ஒருவர் மட்டும் ஓய்வாக இருக்கும் திங்களும் வெள்ளியும். 'நாட்' என்பது பிட்டுகளைத் தலைகீழாக்குவது.

ஆண்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'மற்றும்' என்று பொருள் சொல்லிப் பழகியவர்கள், "முதலாமவரின் நாள்கள் மற்றும் இரண்டாமவரின் நாள்கள்" என்று எண்ணி எல்லா நாள்களையும் சேர்த்துவிடுவார்கள். அது 'ஓர்' தரும் விடை. 'ஆண்ட்' என்றால் 'இவருக்கும் உண்டு, அவருக்கும் உண்டு' என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

நிரலாளர்கள் 'ஆண்ட்' செயலை ஒரு முகமூடி போலவும் பயன்படுத்துவார்கள். முதலாமவர் வெள்ளிக்கிழமை ஓய்வாக இருக்கிறாரா என்று மட்டும் அறிய வேண்டுமானால், 10110 என்பதை 00001 என்ற முகமூடியோடு 'ஆண்ட்' செய்தால் போதும். 0 உள்ள இடங்கள் மூடப்படும். 1 உள்ள இடம் மட்டும் வெளியே தெரியும். விடை 00000. ஓய்வாக இல்லை.

'எக்ஸ்ஓர்' செயலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒரே எண்ணால் இருமுறை செய்தால் பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும். இதனால் அது தொலைந்ததை மீட்கவும் உதவுகிறது. முக்கியத் தரவுகளைக் காக்கும் அமைப்புகளில், ஒரு வட்டில் 1011 என்றும் இன்னொரு வட்டில் 0110 என்றும் இருந்தால், மூன்றாவது வட்டில் அவற்றின் 'எக்ஸ்ஓர்' விடையான 1101 எழுதி வைக்கப்படும். இரண்டாவது வட்டு பழுதாகிவிட்டால், எஞ்சியுள்ள 1011, 1101 ஆகிய இரண்டையும் 'எக்ஸ்ஓர்' செய்ய வேண்டும். தொலைந்த 0110 அப்படியே வந்துவிடும்.

இன்னொரு செயல் நகர்த்தல். எல்லா பிட்டுகளையும் ஓரிடம் இடப்பக்கம் நகர்த்தினால் எண் இரட்டிப்பாகும். 00000110 என்பது 6. நகர்த்தினால் 00001100, அதாவது 12. வலப்பக்கம் நகர்த்தினால் பாதியாகும். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் மீதி ஒன்று விழுந்துவிடும்.

இந்தச் செயல்களுக்கும் கூட்டலுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். கூட்டல் விதிகள் நான்கையும் மீண்டும் பார்த்தால் உண்மை விளங்கும். ஓரிடத்தில் எழுதப்படும் இலக்கம் 'எக்ஸ்ஓர்' தரும் விடை. அடுத்த இடத்திற்கு எடுத்துச் செல்லப்படும் 1, 'ஆண்ட்' தரும் விடை. 5ஐயும் 3ஐயும் கூட்ட, 0101, 0011 ஆகியவற்றை 'எக்ஸ்ஓர்' செய்தால் 0110. 'ஆண்ட்' செய்தால் 0001. இதை இடப்பக்கம் நகர்த்தினால் 0010. இப்போது 0110, 0010 ஆகியவற்றைக் கொண்டு அதையே செய்ய வேண்டும். எடுத்துச் செல்ல ஒன்றும் இல்லாமல் போகும்வரை தொடர்ந்தால் 1000 என்று முடியும். அது 8. கூட்டல் குறியே இல்லாமல் கூட்டல் நடந்துவிட்டது. 1854இல் ஜார்ஜ் பூல் என்னும் கணித அறிஞர், உண்மை, பொய் ஆகியவற்றைக் கொண்டு ஓர் இயற்கணிதத்தை நூலாக எழுதினார். 1937இல் கிளாட் ஷானன் என்னும் 21 வயது மாணவர், மின் சுவிட்சுகளைக் கொண்டு அந்த இயற்கணிதத்தைச் செய்ய முடியும் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். சுவிட்சுகள் கணக்குப் போடத் தொடங்கியதற்கு அதுவே அடித்தளம்.

கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்பும்போதும் இதே செயல்கள்தான் நடக்கின்றன. யூனிகோடு முறையில் 'அ' என்னும் எழுத்துக்குரிய எண் 2949. இரும முறையில் 0000101110000101. இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் யூடிஎஃப்-8 என்னும் முறை, இந்தப் பதினாறு பிட்டுகளை 0000, 101110, 000101 என மூன்றாக நறுக்குகிறது. நடுப் பகுதியை எடுக்க, எண்ணை ஆறு இடம் வலப்பக்கம் நகர்த்தி, 111111 என்ற முகமூடியோடு 'ஆண்ட்' செய்ய வேண்டும். பிறகு, 'ஓர்' செயலால் ஒவ்வொரு பகுதியின் முன்னும் ஓர் அடையாளம் சேர்க்கப்படுகிறது. முடிவில் 11100000, 10101110, 10000101 என்ற மூன்று பைட்டுகள் உருவாகின்றன.

'தமிழ்' என்ற சொல்லைக் கண்ணால் பார்த்தால் மூன்று எழுத்துகள். கணினிக்கு அவை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக, மொத்தம் பதினைந்து பைட்டுகள். பெயரை எழுத ஒரு நிரலாளர் பத்து பைட்டுகளை மட்டும் ஒதுக்கியிருந்தால், 'தமி' வரை நிற்கும். பத்தாவது பைட்டில் ழகரத்தின் உடைந்த துண்டு ஒன்று கிடக்கும். சில படிவங்களில் தமிழ்ப் பெயர்களின் இறுதியில் புரியாத கட்டமோ கேள்விக்குறியோ தோன்றுவதற்கு இப்படிப்பட்ட அறுபடலும் ஒரு காரணம். இங்கும் குற்றம் பெட்டியின் அளவில்தான்.

அளவு போதாத பெட்டிகளில் ஒன்று இன்னும் பல பொறிகளுக்குள் இருக்கிறது. பல கணினிகள் நேரத்தை, 1970 ஜனவரி முதல் நாள் தொடங்கிக் கடந்த விநாடிகளின் எண்ணிக்கையாக வைத்திருக்கின்றன. பழைய அமைப்புகளில் அதற்கு ஒதுக்கப்பட்டது 32 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. புதிய கணினிகளிலும் கைப்பேசிகளிலும் இது 64 பிட்டாக மாற்றப்பட்டுவிட்டது. தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் பல ஆண்டுகளாக யாரும் திறந்து பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றுவதுதான் கடினம். அந்தக் கடைசி விநாடி 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்போது செவ்வாய்க்கிழமை காலை மணி 11:14:07. அடுத்த விநாடியில் முதல் பிட் 1 ஆகும். மாற்றப்படாத பொறிகள் அதை எதிர்ம எண்ணாகப் படித்து, உலகப் பொது நேரப்படி 1901 டிசம்பர் 13 என்று நாள் காட்டும்.